இடது கைக்கு ஐம்பத்தொன்பது கிராம்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசு நிறுக்கும் தராசை
சாப்பாட்டு நேரத்தில் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு
பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.
உள்ளங்கை அகலத் தராசு.
தூசு விழுந்தாலும் மனசு மாறும்.
மாதையன் முதலாளி தூங்கி எழ
இன்னும் நாற்பது நிமிஷம்.

கடைக்காரர் சிரித்தார்:
"டிரம்ஸ் குச்சிக்கு எடையா? புளியா வாங்கறீங்க?"
ஒரே உறைக்குள் ஒட்டிப் படுத்திருந்த இரண்டையும்
பிரித்து வைத்தேன்.
ஐம்பத்திரண்டு.
ஐம்பத்தொன்பது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் அவரே உறை கிழித்துத் தர
ஒவ்வொன்றாய் மேசைமேல் உருட்டினேன்.
கோணல் என்றால் நொண்டும்.
நேரானது கல்லாப்பெட்டி வரை ஓடிப்போய் முட்டும்.
மரமுனையா, நைலான் முனையா?
மரம். நைலான் பட்டால் சிம்பல்
மெருகு போட்ட வெள்ளியாட்டம் பளபளக்கிறது;
நாளெல்லாம் அதைத்தானே பார்க்கிறேன்.

மூன்று வருஷமாய் கோரிமேட்டுச் சபையில் நான் அடித்தது
சிங்கப்பூர் போன ஆல்வின் விட்டுப்போன குச்சி.
உலக்கை.
அவன் கைக்கு அது பேனா;
எனக்குக் கட்டைவிரல் மடிப்பில் கொப்புளம்,
மேல் மாடியில் ஆராதனை,
கீழே பார்க்கிங்கில் பைக் அலாரம்.

கடைசியில் அமைந்த ஜோடி
இரண்டு வேறு உறைகளில் இருந்தது.
"ஜோடி பிரிச்சா மிச்சத்த யாரு வாங்குவா?"
நான்தான் வாங்கினேன், நாலையும்.
தராசு திரும்பிப் போனபோது
முதலாளி வாய் பிளந்தபடியே இருந்தார்.

ரூபஸின் ஸ்டுடியோ அம்மாபேட்டையில், இரண்டாம் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவில் இலவம்பஞ்சு மெத்தை.
பக்கத்துச் சந்தில் விசைத்தறி இரண்டு.
மெத்தைக்கு அடங்குகிற சத்தமா அது?
கரண்ட் போனால் தறி நிற்கும்;
எங்கள் மெஷினும் நிற்கும்.
ஆகவே பாவு தீரும் நாளுக்குக் காத்திருந்தோம்.
இழை இழையாய்ப் புதுப் பாவு பிணைக்க மூன்று மணி நேரம்.
தறிக்காரர் மனைவி பூங்கோதை
மொட்டைமாடியிலிருந்து குரல் கொடுப்பார்:
"ஆளு உக்காந்தாச்சு, ஆரம்பிங்க!"

காதுக்குள் கிளிக்.
நிமிஷத்துக்குத் தொண்ணூற்றிரண்டு.
ஐம்பத்திரண்டும் ஐம்பத்திரண்டும்.
முதல் டேக்கில் நான் முந்தினேன்.
நாலாவதில் ரூபஸ் தட்டுவடை கடித்த சத்தம்
ஹைஹாட்டோடு சேர்ந்து விழுந்தது
(நன்றாகத்தான் இருந்தது, அழித்துவிட்டான்).
ஏழு, எட்டு, பத்து.
பதினொன்று முடிந்ததும்
"எல்லாம் சரியா இருக்கு" என்றான்,
ரேஷன் கார்டு சரிபார்ப்பவர் குரலில்.

பன்னிரண்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
ஸ்நேர் விளிம்பில் இடது குச்சி தெறித்தது.
நிறுத்தவில்லை.
கால் கிக்கை விடாமல் மிதிக்க
குனிந்து கை துழாவி எடுத்தது
அந்த ஐம்பத்தொன்பது.

ஒரு அடி விட்டுப்போனது. அடுத்தது விழுந்தபோது
ஸ்நேருக்கு உடம்பு வந்திருந்தது.
ஏழு கிராம்தான்.
அந்தக் கை கொஞ்சம் பிந்தி இறங்கியது,
கிளிக்குக்கு ஒரு மயிரிழை பின்னால்,
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆள் போல.

ரூபஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தட்டுவடையைக் கீழே வைத்தான்.

விட்டுப்போன அடியை
வேறு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டலாமா என்று கேட்டான்.
வேண்டாம் என்றேன். பிறகு சரி என்றேன்.
பிறகு வேண்டாம்.
அதற்குள் பூங்கோதை, "முடிஞ்சிருச்சுங்க!"
முதல் தறி தடதடக்க
கடைசி சிம்பலின் வால் இன்னும் அடங்கவில்லை;
அதுவும் பதிவாகிவிட்டது.

கோப்புக்கு என்ன பேர் வைக்க?
சொன்னேன்.
"இடது கனம்" என்று அடித்துச் சேமித்தான்.

திங்கட்கிழமை பட்டறையில்
பொடி வைத்து ஊதும்போது இடது மணிக்கட்டு விண்விண்ணென்றது.
"கைக்கு என்னம்மா?" என்றார் மாதையன்.
தராசில் ஒரு ஜோடி ஏறியிருந்தது,
ஒன்றுக்கு ஒன்று சொட்டு வித்தியாசமில்லை.
ஒன்றுமில்லை என்று
அடுத்த ஜோடியை எடுத்தேன்.